கடல்மேல் நடந்த மருத்துவச்சி

துறைமுக அலுவலகத்தின் கோப்பு அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லோரும் 'பனிக்கட்டி அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பழைய குளிர்காலங்கள் எவ்வளவு கடுமையாக இருந்தன என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். கடல் உறையும் முன் கடைசிக் கப்பல் கிளம்பிய தேதி, உருகிய பின் முதல் கப்பல் வந்த தேதி. நடுவில் உள்ள நாட்களை எண்ணி, வரைபடத்தாளில் வருடத்துக்கு ஒரு புள்ளி வைப்பார்.

"நம்ம கல்யாண நாள் உனக்கு ஞாபகம் இருக்காது. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி கடல் எப்ப உறைஞ்சதுன்னு கேட்டா மட்டும் டாண்ணு சொல்லுவே!" என்பார், இழுவைப் படகு ஓட்டும் கணவர்.

தாளில் பதினொரு வருடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பதிவேடுகள் ஒரு தீ விபத்தில் சாம்பலாகிவிட்டன. எங்கெங்கோ எழுதிக் கேட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

எதிரே இருந்த தீவின் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்த நாத்தனார், ஒருநாள் அட்டை கிழிந்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"அண்ணி, ஸ்டோர் ரூமைக் காலி பண்ணும்போது கிடைச்சது. கரையிலேருந்து தீவுக்கு வந்துபோன ஒரு மருத்துவச்சியோடது. உங்களுக்கு உதவுமா பாருங்க."

உள்ளே, தீவுக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் தேதி, வீடு, பிறந்த குழந்தை. ஓரத்தில் ஒற்றைச் சொல்: 'படகு' அல்லது 'நடை'.

அக்கா 'நடை' என்ற சொல்லில் விரலை வைத்தார். "தீவுக்கு எப்படி நடந்து போனாங்க? உறைஞ்ச கடல் மேலதானே!"

ஆனால் அவசரப்படவில்லை. நோட்டில் இருந்த வருடங்களில், துறைமுகத் தேதிகள் தீயில் தப்பியிருந்த ஒன்பதை முதலில் ஒப்பிட்டார். ஒன்பதிலும் 'நடை' எல்லாம் கப்பல் நின்ற நாட்களுக்குள்ளேயே அடங்கியது. அதன் பிறகுதான் வெற்று வருடங்களுக்குப் போனார்.

அவற்றில் நான்காவது குளிர்காலத்தில், நவம்பரில் தொடங்கிய 'நடை' மே ஏழாம் தேதி வரை நீண்டது. அவர் அறிந்த வேறெந்த வருடத்திலும் அது மார்ச்சைத் தாண்டியதில்லை. நடுவில் ஒரு பதிவு: 'பிப்ரவரி 19. வலி கண்டவளைச் சறுக்குவண்டியில் கரைக்கு இழுத்து வந்தோம். பாதி வழியில், பனிக்கட்டிமேலேயே பெண் குழந்தை. இருவரும் நலம்.'

தான் கண்டதை அவர் கடல்பனி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப, அவர்கள் இரண்டு மாதம் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில், சில நாட்கள் முன்பின் இருக்கலாம் என்ற குறிப்போடு ஒப்புக்கொண்டார்கள். வரைபடத்தாளில் மற்றப் புள்ளிகளுக்கெல்லாம் மேலே, வெகு உயரத்தில் அந்த வருடத்தின் புள்ளி தனியாக நின்றது.

அந்தக் கோடையில் கணவர் அவரைப் படகில் அழைத்துப்போய், கரைக்கும் தீவுக்கும் நடுவில் எஞ்சினை நிறுத்தினார்.

"இங்க ஆழம் எவ்வளவுங்க?"

"நாப்பது ஆள் ஆழம் இருக்கும்."

அக்கா எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. இதன்மேல் ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள். இன்னொருத்தி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"நம்பவே முடியலைங்க," என்றார்.

கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.