கட்டுமாவடி டீக்கடைச் சுவரில் ஓர் ஆறு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கிடைத்த ஊரில் கிடைத்த வேலை. சிவகாசி அச்சகத்தில் இருந்தபோது, ஆறும் பாலமுமாக ஒரு வெளிநாட்டு ஓவியம் காலண்டருக்கு ஓடியது. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. நிறங்கள் விலகி விழுகின்றன என்று எந்திரத்தை நிறுத்திவிட்டேன்.

"படமே அப்படித்தான்டா. தள்ளி நின்னு பாரு" என்று திட்டினார் மேஸ்திரி.

தள்ளி நின்றேன். தண்ணீர் அசைந்தது. அந்தப் படம் அச்சான கழிவுத் தாள் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு போர்டு எழுதப் பழகினேன். சென்ற ஆண்டு கட்டுமாவடியில் டீக்கடை நடத்தும் ஒரு அக்கா, சாலையோரச் சுவரில் இயற்கைக் காட்சி கேட்டார். அந்தத் தாளைப் பார்த்து, கோடே இழுக்காமல், நீலமும் பச்சையும் ரோஸுமாக ஒற்றி ஒற்றிப் போட்டேன். பாய்லரிலிருந்து சுவர் கைக்கெட்டும் தூரம்.

"செதிலச் சுரண்டி அப்புன மாதிரில்ல இருக்கு" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த மீன்காரர்.

அக்காவும் முகம் சுளித்தார். "சாயங்காலம் வெள்ளையடிச்சுருங்க. வேற ஆள வச்சுக்கிறேன்."

எத்தனையோ போர்டு எழுதியிருக்கிறேன். ஆசைப்பட்டுப் போட்டது இது ஒன்றுதான். அவர் சரியாகப் பார்க்காமல் அழிப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

"எதுத்தாப்ல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க பாக்கத்தானக்கா போட்டது? அங்கிட்டுப் போய் ஒருதடவ பாருங்க. அப்பறமும் புடிக்கலன்னா நானே அடிச்சுடுறேன்."

"பாய்லர விட்டுட்டு நான் படம் பாக்கப் போகவா? நல்லாருக்கே!"

பாய்லர் பக்கம் அவர் வேறு யாரையும் நிற்கவிட்டதில்லை. மண்ணெண்ணெயில் பெயிண்டைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளே போய் நின்றேன். "திருச்சில டீ மாஸ்டரா இருந்தவன்தாங்க." ஒரு டீயை ஆற்றி அவரிடமே நீட்டினேன்.

குடித்துப் பார்த்தார். "சீனி கம்மி" என்றபடி கிளாஸோடு சாலையைக் கடந்தார்.

ஒரு பஸ் வந்து அவரை மறைத்தது. அது போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.

"அக்கா, ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று கத்தினார் மீன்காரர்.

திரும்பி வந்தவர், "தண்ணி ஓடத்தான் செய்யுது" என்றார். "ஆனா அம்மாம்பெரிய பாலத்துல ஒருத்தரையும் காணோம். ஆளு போடுங்க."

பாலத்தின் மேல் கருநீலத்தில் இரண்டு ஒற்று ஒற்றினேன்.

"இதுவா ஆளு?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கடையைவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் நடந்துவிட்டார். இங்கே பால் பொங்கி எழுந்தது. பெயிண்ட் கையோடு ஓடிப்போய் அடுப்பைக் குறைத்தேன்.