சித்திக்குக் காவல் போனது

என் மகள் நேற்றும் பள்ளியில் ஓட்டப் பயிற்சி முடிந்து வந்து, சாக்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டாள். மூன்று முறை போய்ப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன், சுடவில்லை. எழுப்பிச் சோறு ஊட்டலாமா, தூங்க விடலாமா என்று தெரியாமல் கதவருகே நின்றேன். எட்டு வயதுப் பிள்ளை ஓடினால் களைக்கத்தானே செய்யும் என்றார் அவள் அப்பா. களைக்கும். எவ்வளவு களைத்தால் அது சரியில்லை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஒருத்தி ஓடுவதைப் பார்த்துக்கொள்ளவென்றே என்னை ஒரு காலத்தில் கையில் வாட்சும் நோட்டும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மதுரையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது. மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிடும் என்று அவளுடைய பழைய பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு. விடிந்தும் விடியாமல் சித்தி குளத்தைச் சுற்றி ஓடுவாள். அப்பாவின் பழைய பேண்ட்டை இடுப்பில் ஊக்குப் போட்டு இறுக்கி, மேலே முழுக்கைச் சட்டை. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் துணைக்கு நான். அப்படியே வாட்சைப் பார்த்துச் சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுவதும் என் வேலை.

டீச்சர் எழுதிக் கொடுத்தது ஆறு சுற்று, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஆறு நல்லது என்றால் பத்து இன்னும் நல்லது என்பது சித்தியின் கணக்கு. ஞாயிறும் ஓடினாள். சாயங்காலம் தனியாக நாலு.

"சாமியே வருஷத்துக்கு ஒரு நாள்தான் இந்தக் குளத்தைச் சுத்துது. உன் தங்கச்சி தெனமும் பத்துச் சுத்து சுத்துறா. அடுத்த தெப்பத்துக்கு அவளையே ஏத்தி விட்டுரலாம்" என்பார் அப்பா.

முதல் மாதம் சுற்றுக்கு ஏழு நிமிடம் ஆறாகக் குறைந்தது. சித்தி எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தாள். பிறகு எவ்வளவு ஓடியும் ஆறு மறுபடி ஏழாயிற்று. ஒரு நாள் ஏழரை. எழுதியதைக் காட்டினேன்.

"வாட்சை ஒழுங்காப் பாத்தியாடி? அங்க வெளாடுற பயலுகளப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப."

நோட்டு என் முகத்தருகே பறந்து விழுந்தது. சித்தி அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. வர வர எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தாள். சளி விடவில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அவ்வளவு ஓடியும் இரவில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருப்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அவள் நெஞ்சு அடிப்பது கேட்கும். அவள் புரளப் புரள நானும் தூங்கவில்லை. அதனால் காலையில் குளத்துப் படியில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொக்கிவிடும். சித்தி வந்து உலுக்கும்போது எழுந்து, எல்லாச் சுற்றுக்கும் ஆறு என்று எழுதிவிடுவேன். ஆறு என்றால் அவள் திட்டுவதில்லை.

என்னுடைய ஒரே குறை லீவு. மாதத்தில் மூன்று நாள் சித்தி பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாயோடு ஒதுங்கி இருப்பாள். அந்த நாட்களில் ஓட்டம் கிடையாது, நான் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு நாள் அம்மாவிடம் முறையிட்டேன்.

"சித்தி எப்பம்மா தனியா உக்காருவா? ரெண்டு மாசமா எனக்கு லீவே இல்ல."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. முந்தின நாள்தான் சித்தி ஓடி வந்து வாசல் சாக்கடையோரம் வாந்தி எடுத்திருந்தாள். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"அங்க சித்திகிட்ட யாராச்சும் பேசுனாங்களா?"

"இல்லம்மா."

"நீ பாத்துக்கிட்டேதான இருந்த? மாரியம்மா மேல சத்தியமா?"

சத்தியம் என்றதும் பயம் வந்துவிட்டது.

"நான் தூங்கிட்டேன்மா."

"எம்புட்டு நேரம்?"

"அவ வந்து எழுப்புற வரைக்கும்."

"என்னைக்கு?"

"தெனமும்."

அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டேன். விழவில்லை. அம்மா ஆட்டுரலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருந்திருந்து நான் ஒரு உண்மையைச் சொன்னதற்கு அவள் ஏன் அப்படி அழுகிறாள் என்று விளங்கவில்லை.

அன்றே சித்தியின் கேன்வாஸ் ஷூ பரணுக்குப் போனது. பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, இரண்டு பஸ் மாறி எங்களை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சோதித்து முடித்து சித்தியை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டார். அரைக் கதவுக்கு மேலே குரல் தெளிவாக வந்தது.

"நீங்க நெனைக்கிறது ஒண்ணுமில்லம்மா. ஒடம்புல ரத்தமே இல்ல. திங்காம தூங்காம இப்படி ஓடுனா எல்லாம் நின்னுதான் போகும். ஒரு மாசம் ஓடக் கூடாது. கூடப் பொறந்தவங்க, அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சித்தியைப் பார்க்காமலே, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று போனாள். திரும்பும்போது அவள் கையில் மாத்திரையோடு மூன்று முழம் மல்லியும் இருந்தது.

பந்தயம் சித்தி இல்லாமல் நடந்தது. அடுத்த வருஷம் ஓடினாளா என்றால், அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கு இன்றும் நினைப்பு போய் நிற்பது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான்.

அம்மா தெருவில் இறங்கியதும் சித்தி என் தோளில் தலையைச் சாய்த்தாள். அடுத்த நொடி தூங்கிவிட்டாள். தோள் கடுத்தது, நான் அசையவில்லை. பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து நிமிடம். அந்த இரண்டு மாதத்தில் சித்திக்காக நான் கண் மூடாமல் பார்த்த நேரம் அது ஒன்றுதான். விழித்ததும் கேட்டாள்.

"அக்கா உங்கிட்ட என்னடி கேட்டா?"

"யாராச்சும் உங்கிட்ட வந்து பேசுனாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தூங்கிட்டேன்னு சொன்னேன்."

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நோட்டுல எழுதுனது?"

"சும்மா எழுதுனேன். ஆறுன்னா நீ திட்ட மாட்டேல்ல."

என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப்பாவி, அந்த ஆற நம்பித்தானடி நான் ஓடிக்கிட்டே இருந்தேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்திக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.