வில்மார் விற்ற பவர் சப்ளை

மெர்லிண்டாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வேன். அவள் என் தம்பி தியோவின் மனைவி; வீட்டில் மெர்லி. தம்பி கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். வருடத்துக்கு இரண்டு மாதம் முகம் காட்டுவான். மீதிப் பத்து மாதமும் ஹாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் நாங்கள் இருவர்தான், எங்களோடு அவளுடைய கம்ப்யூட்டர்.

அதை அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கட்டினாள். காசு போட்டால் ஓடும் கம்ப்யூட்டர் கடையில் ஒன்பது வருடம் இருந்தவள். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மறுநாள்தான் வருவான்; அதுவரை வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் தானே திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். சூப்பில் நான் புளியையும் உப்பையும் சேர்த்துப் போட்டால்கூட ஒரு பார்வை பார்ப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் இணையம் வழியாக ஜப்பான்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி கொஞ்சம்கூட இரக்கமில்லாதது. ஒரே மாதத்தில் மூன்று வகுப்புகள் ஆசிரியர் பக்கத்தில் அறுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை ஒன்று அறுந்தது. புதன்கிழமை இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய், கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மறுபடி எழும். வியாழக்கிழமை நான்கு மணிக்கு அடுத்த வகுப்பு.

இரண்டு ராம்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள். பிராசஸர் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். ஒயரை மாற்றினாள். காலையெல்லாம் சமர்த்தாக ஓடும் கம்ப்யூட்டர், மதியத்துக்குமேல் செத்துச் செத்துப் பிழைத்தது. சூட்டினால்தான் என்று நினைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே வைத்தாள். அதற்கும் மசியவில்லை.

"மிச்சம் பவர் சப்ளைதான்" என்றாள் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில்.

"வில்மார் குடுத்ததுதானே? அப்பவே சொன்னேன், சொந்தக்காரன்கிட்ட பழசு வாங்காதேன்னு!"

"இன்னும் தெரியல மனாங். சந்தேகம்தான்." அக்காவை எங்கள் ஊரில் மனாங் என்பார்கள்.

அவளுக்குச் சந்தேகம் என்றால் எனக்குத் தீர்ப்பு. வில்மார் என் சித்தப்பா மகன். சந்தை ஓரத்தில், கருவாட்டுக் கடைக்கு அடுத்து, பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறான். வியாழன் காலை ஏழு மணிக்கு, மீன் பெட்டிகள் இறங்கிச் சந்தை நெரிகிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன்.

"செத்த பவர் சப்ளைய எங்க வீட்டுப் பொண்ணு தலையில கட்டிட்டியேடா! சொந்தக்காரியையே ஏமாத்துறவன் மத்தவங்கள விடுவியா? எல்லாரும் கேட்டுக்கங்க, இவன்கிட்ட எதுவும் வாங்காதீங்க!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. வில்மார் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான். "மத்தியானம் வந்து பாக்குறேன் மனாங்" என்று மட்டும் சொன்னான். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு வந்தான். தன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே கழற்றிய பவர் சப்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். காலையில் நான் சந்தையில் கத்தியது தெரிந்ததும் மெர்லிக்கு முகம் செத்துப்போயிற்று.

"மனோங், நான் அப்படிச் சொல்லவே இல்ல." வில்மாரை அவள் அண்ணன் முறையில் மனோங் என்பாள், அவன் அவளைத் தங்கையாக இண்டாய் என்பான்.

"விடு இண்டாய். முதல்ல இத மாட்டிப் பாரு."

மாட்டினாள். ஒரு மணி ஆயிற்று, இரண்டும் ஆயிற்று, நன்றாக ஓடியது. "பாத்தியா?" என்று நான் வில்மாரைப் பார்த்துக் கேட்டேன். இரண்டே முக்காலுக்குத் திரை கறுத்தது.

பவர் சப்ளையும் இல்லையென்றால் மதர்போர்டுதான். அது போனால் நான்கு மணிக்குள் வேறு கிடைக்காது, வேலையும் மிஞ்சாது. மெர்லி மதர்போர்டின் திருகுகளைக் கழற்றி, அட்டை மேல் வைத்து, எல்லா இணைப்பையும் திரும்பக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். ஒரு திருகு கைநழுவி விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. மணி மூன்று இருபது. அதைத் தேடித் தவழ்ந்து போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மதியத்துக்குமேல்தான் வேலை தொடங்கும் எதிர்த்த இரும்புக் கேட் பட்டறையில் வெல்டிங் நீலமாகப் பளிச்சிட்டது. கம்ப்யூட்டரைச் சொருகியிருந்த, தரையில் இருந்த ஸ்டெபிலைசர் "டக், டக்" என்றது. மேலே திரை கறுத்தது.

"மனோங்! கேட்டீங்களா?"

"என்னத்த?" என்றேன் நான். "ஸ்டெபிலைசர்தானே. டக்குன்னா காவல் காக்குதுன்னு அர்த்தம்."

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறோம். ஸ்டெபிலைசர் இல்லாமல் கம்ப்யூட்டரைச் சுவரில் சொருகுகிறவளைப் புத்தி கெட்டவள் என்போம். அந்த டக் சத்தம் கேட்டால், நல்லவேளை தப்பித்தது என்று மூச்சு விடுவோம். போன வருடப் புயலுக்குப் பிறகு அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக மாற்றி எழுதிய பட்டியலில் அது மட்டும் இல்லை. காவலாளியை யார் சந்தேகப்படுவார்கள்?

மெர்லி பவர் சப்ளை மேல் ஒட்டியிருந்த சீட்டை விரலால் தொட்டுப் படித்தாள். "நூறு வோல்ட்லேருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும் இதுவே தாங்கும் மனோங். வெல்டிங்ல கரண்டு எறங்கினா இதுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டி டக்குன்னு மாத்தும்போது நடுவுல அறுத்துவிடுது."

சுவரில் நேராகச் சொருகப் போனாள். நான் சுவிட்சுக்குக் குறுக்கே கையை வைத்தேன். "எரிஞ்சுபோச்சுன்னா? எல்லாமே போயிரும்டி!" அவள் என் கையை எடுத்து ஓரமாக வைத்தாள், பாத்திரத்தை நகர்த்துவதுபோல.

கம்ப்யூட்டர் எழுந்தது. வெல்டிங் பளிச்சிட்டது, டியூப் லைட் மங்கியது, மேசை ஃபேன் முனகியது. திரை அசையவில்லை. இன்னொரு முறையும் பளிச்சிட்டது. அப்போதும் அசையவில்லை. மூன்று நாற்பது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். வில்மார் இரவல் கொடுத்த பவர் சப்ளையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"பைத்தியமா உனக்கு? ஓடுறத ஏன் கழட்டுற?"

"பழசையே மாட்டப்போறேன்."

"வேணாம் இண்டாய்" என்றான் வில்மாரும். "கிளாஸ் முடியட்டும். அப்புறமாப் பாத்துக்கலாம்."

"இதோட கிளாஸ் முடிஞ்சா, நீங்க இப்பக் குடுத்ததாலதான் சரியாச்சுன்னு சொல்லிருவாங்க. உங்க பழசு கெட்டதாவே இருந்துரும்." என் பக்கம் திரும்பினாள். "மனாங் பாக்கணும். பாத்துட்டு, போய்ச் சொல்லணும்."

"வேலை போனா?"

"போகாது. எனக்கு இப்பத் தெரியும்." ஆனால் திருப்புளியைத் திருகிக்கொண்டே கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கம்ப்யூட்டர் எழுந்தது. பக்கத்துத் தகடு இல்லாமல், மதர்போர்டு அட்டை மேல் கிடக்க, ஒசாகா அம்மாளுக்கு அவள் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னாள். நானும் வில்மாரும் கதவோரம் நின்றோம். இருபத்தைந்து நிமிடம். பட்டறைக்காரன் அன்றைக்கென்று ஒரு முழு கேட்டையும் ஒட்டித் தீர்த்தான். ஒவ்வொரு முறை லைட் மங்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

வகுப்பு முடிந்தது. மெர்லி இரவல் பவர் சப்ளையைத் துண்டில் சுற்றி வில்மாரின் கையில் கொடுத்தாள், தலை நிமிராமல். "மன்னிச்சுக்கங்க மனோங்" என்றாள். சொல்ல வேண்டியவள் நான்.

ஐந்து மணிக்குச் சந்தைக்கு ஓடினேன். காலையில் கத்திய இடத்திலேயே நின்று கத்தினேன்: "வில்மார் குடுத்தது நல்லதுதான்! தப்பு என்னோடது!" கடை கட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் நிமிர்ந்தார்கள். காலையில் கேட்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கு, மீன் இறங்குகிற நேரத்துக்குப் போனேன். கூட்டம் இருந்தது. தொண்டை கட்டியிருந்தாலும் முழுக்கச் சொன்னேன், ஸ்டெபிலைசர் நான் வாங்கியது என்பது உட்பட. கேட்டுக்கொண்டே மீனைப் புரட்டிப் பார்த்த ஒருத்தி சிரித்தாள்.

"என்ன மனாங், ராத்திரி வீட்டுல பேசி முடிச்சிட்டீங்களா? உங்க ரத்தம்தானே, விட்டுக் குடுப்பீங்களா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வில்மார் கடைக்குள் ஏதோ துடைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். மெர்லியாக இருந்தால் எதையாவது கழற்றி மாட்டிக் காட்டியிருப்பாள். என்னிடம் காட்ட வெறும் வாய்தான் இருந்தது, அந்த வாயை அவர்கள் நேற்றே நம்பிவிட்டார்கள்.