நாற்பத்தேழாவது காது

இது கட்டிவிட்ட கதை இல்லை, கண்ணுகளா. பட்டப்பகலில், நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நடந்தது.

ஆறு கடலில் கலக்கும் சேற்று நிலம். அடியில் எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க வந்த கூட்டம் அது. குழி போட்டு வெடி வைப்பார்கள். பூமிக்குள் போய்த் திரும்பும் அதிர்வைக் கேட்க, வரிசையாக அறுபது கருவிகளைச் சேற்றில் குத்தி வைப்பார்கள். அவற்றைக் ‘காது’ என்பார்கள். அன்றைய வெடிக்குழி நாற்பத்தேழாவது காதின் பக்கத்தில். அறுபதாவது காது, பதிவு வண்டியின் வாசலில்.

வண்டிக்குள் உட்கார்ந்து, காதுகள் கேட்பதைத் திரையில் பார்ப்பவள் ஓர் இளம்பெண். வெடிக்க வைக்கும் பொத்தானும் அவள் கையில். மூன்று வருஷத்துக்கு முன் இதே கூட்டத்தில் காதுகளை இணைக்கும் கம்பி இழுத்த அவளுடைய அண்ணன் காணாமல் போனான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார்கள். எவளோடு போனானோ என்று அண்ணி இன்றுவரை திட்டிக்கொண்டே காத்திருக்கிறாள். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் தங்கை இந்த வேலைக்கே வந்தாள்.

வெடிக்கும் முன் திரையில் ஒரு துடிப்பு. முப்பத்தெட்டாவது காதில். அப்புறம் முப்பத்தொன்பதில்...

யாரோ வரிசையோடு நடக்கிறார்கள்.

வாக்கி டாக்கியில் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். “அண்ணே, உள்ள யாரு?”

“ஒரு காக்கா இல்லம்மா. எல்லாப் பயலும் கரைமேல உக்காந்து என் பீடிக்குத்தான் குறி வச்சிருக்கான்.”

பின்னால் நின்ற முகாம் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மாடா இருக்கும். மாடுன்னு எழுதிட்டு வெடி.”

“மாட்டுக்கு நாலு கால் சார். இது ரெண்டுதான்.”

“எண்ணிட்டே இரு. பொழுது போயிடும்.”

ஓர் அழுத்தம்... ஓர் இழுப்பு. ஓர் அழுத்தம்... ஓர் இழுப்பு.

அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே இடது கால் இழுக்கும்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

நின்றது.

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

நாற்பத்தெட்டு...

ஐம்பத்தொன்பது...

அறுபது.

வாசலில் ‘சளக்’ என்று ஒரு சத்தம்.

கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தாள். யாருமில்லை. சேற்றில் ஒரு தடம் இல்லை.

மறுநாள் பழைய பதிவுகள் கிடந்த அறையில் அந்த வரிசையின் தாளைத் தேடி எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தையது. அண்ணன் காணாமல் போன தேதி. நாலு மணி பன்னிரண்டு. முப்பத்தெட்டிலிருந்து அதே அழுத்தம், அதே இழுப்பு. நாற்பத்தேழில் நின்றது. அடுத்து, வெடி.

அதற்குப் பிறகு நடை இல்லை.

ஓரத்தில் எழுதியிருந்தது: ‘மாடு. வெடித்தாயிற்று. குழி மூடியாயிற்று.’

கையோடு கொண்டுவந்த நேற்றைய தாளை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் வண்டியை விட்டு இறங்கியிருந்த நேரத்தில் அதிலும் யாரோ ‘மாடு’ என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டும் ஒரே கையெழுத்து.