கும்மியடித்து மீட்ட மைதானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோவை கணபதியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் நடந்தது. லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒரு மைதானம் உண்டு. அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் அது எங்களுடையதல்ல. பாட்டிலும் கத்தியுமாக வரும் கூட்டத்துக்குச் சொந்தம். அங்கே நடந்த தகராறு ஒன்றை விலக்கப் போன கல்லூரிப் பையன் குத்துப்பட்டுச் செத்தான். நாங்கள் என்ன செய்தோம்? கதவை இன்னும் சீக்கிரமாகச் சாத்தப் பழகிக்கொண்டோம்.

பையனின் அம்மா பக்கத்துப் பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுபவர். ஒரு நாள் சாயங்காலம் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிக் கும்மியடிக்க ஆரம்பித்தார். என்னையும் கூப்பிட வந்தார். "நாம பயந்துட்டு ஊட்டுக்குள்ள இருந்தா, அவனுக வெளியில தானுங்க இருப்பானுக. வந்து சும்மா கை தட்டுங்க, போதும்."

போனேன். தொப்பையுடன் நான் குனிந்து நிமிர்ந்த கோலத்தைக் காணச் சகிக்காமல்தான் ரவுடிகள் இடத்தைக் காலி செய்தார்கள் என்பது என் மனைவியின் ஆய்வு முடிவு. உண்மையில் கூட்டம்தான் காரணம். நாள் ஆக ஆகத் தெருவே திரண்டு வந்தது. பாட்டில்களைப் பொறுக்கினோம், மாநகராட்சிக்கு அலையாய் அலைந்து விளக்குப் போட வைத்தோம். பாட்டு, அடவு எல்லாம் அந்த அம்மாவே சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச காலத்தில் குழந்தைகள் அங்கே சைக்கிள் பழகின.

அப்புறம் அரங்கேற்றம் நடத்தும் ஆசை வந்தது. சேலை, வேட்டி, சாப்பாடு எல்லாம் தன் பொறுப்பு என்று வசதியான ஒருவர் முன்வந்தார். ஒரே நிபந்தனை: ஆடுகிறவர்கள் 'நம்ம ஆளுக'ளாக இருக்க வேண்டும். எந்தச் சாதி என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் அதில் சேர்த்தி. அந்த அம்மா இல்லை.

கூட்டம் போட்டோம். குடியிருப்போர் சங்கத் தலைவர் நான். வீட்டில் புத்தகம் நிறைய இருப்பதால் கிடைத்த பதவி. எழுந்து நின்று சமத்துவத்தைப் பற்றி உருக உருகப் பேசினேன். "அருமைங்க சார், கண்ணுல தண்ணியே வந்துபோச்சுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நிபந்தனைக்குச் சம்மதம் என்று இன்னொரு கையைத் தூக்கினார். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. ராஜினாமா செய்தேன். அடுத்த தலைவர் யார் என்று உடனே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அம்மாவிடம் செயலாளர் மிகப் பணிவாகச் சொன்னார். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி. ஓரமா நின்னு அடவு எடுத்துக் குடுங்க. சாப்பாட்டுக்குக் கண்டிப்பா வந்துருங்க." எங்கள் பக்கம் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவோம்.

அவர் சத்தம் போடவில்லை.

"என்ற பையன் வெலக்கிவுடப் போனப்ப, அடிக்கறவன் எந்த ஆளு, அடி வாங்கறவன் எந்த ஆளுன்னு கேக்கலைங்க" என்றார். "கேட்டுப்போட்டுப் போயிருந்தான்னா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பானுங்க."

அரங்கேற்றம் பிரமாதமாக நடந்தது. மக்களே மீட்டெடுத்த மைதானம் என்று மேடையில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். இப்போதும் அங்கே பயமில்லாமல் நடக்கலாம், நானும் நடக்கிறேன். அந்த அம்மா மட்டும் வேலை முடிந்து சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறார். ரவுடிகளை விரட்டிவிட்டால் ஓர் இடம் நல்ல இடமாகிவிடும் என்று நம்பியிருந்தேன். அவர்கள் போனபின் மிச்சமிருக்கப் போவது நாங்கள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.