அஸ்கா இல்லாத கிரானோலா

கிரானோலா என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது அது ஏதோ மாத்திரையின் பெயர் என்றே நினைத்தேன். என் மனைவிக்கு டாக்டர் புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த நேரம் அது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில், "அம்மாவுக்குக் காலையில கிரானோலா குடுங்கப்பா" என்றதும், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு புதுச்சொல் தெரியாமல் போனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மாத்திரை எதற்கென்றால், ஏற்காடு டவுன் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்தபோது என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. நான் பயந்துபோனேன். அவளுடைய அக்காவுக்கு இதே நோயில் கால் விரல்களை எடுத்தார்கள். அதை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் டாக்டர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவே இல்லை. வெளியே வரும்போது நர்ஸ் சொன்னது மட்டும் நன்றாக ஏறியது.

"அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குதுங்க. அஸ்காவ அடியோட நிறுத்திருங்க."

எங்கள் பக்கத்தில் வெள்ளையாக, மணல்போல் இருப்பது அஸ்கா. சர்க்கரை என்றால் கரும்புப்பாலைக் காய்ச்சி எடுக்கும் பழுப்பு நாட்டுச்சர்க்கரை. கடையில் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைத் தர மாட்டார்கள். நர்ஸ் சொன்னதிலோ நோயின் பெயர் சர்க்கரை, நிறுத்த வேண்டியது அஸ்கா. எங்கள் ஊரான நாகலூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அஸ்காவால் வருகிற நோய்க்கு ஏன் சர்க்கரை என்று பெயர்? சர்க்கரையால் வருகிறதென்றால் ஏன் அஸ்காவை நிறுத்தச் சொல்கிறார்கள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டுக்குப் போனதும் அஸ்கா டப்பாவைக் காலி செய்து பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை மகள் வந்தபோது ஒரு கிரானோலா பாக்கெட் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தால் காரம் போடாத மிக்சர் மாதிரி இருந்தது. ஓட்ஸ், பாதாம், திராட்சை, ஏதேதோ விதைகள். பாலில் போட்டுச் சாப்பிட வேண்டுமாம். பாக்கெட்டின்மேல் வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது, இயற்கை இனிப்பு மட்டுமே என்று எழுதியிருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அஸ்கா இல்லை, ஆனால் இனிப்பு உண்டு. என் மனைவி இனிப்பில்லாமல் காபி குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

பாக்கெட் தீர்ந்ததும் நானே செய்வது என்று இறங்கினேன். கிறிஸ்துமஸ் கேக் சுடுவதற்காக வாங்கிய அவன் அடுப்பு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. சேலத்திலிருந்து ஓட்ஸ் வாங்கிவந்தேன். மலையில் விளைந்த தினையின் அவல், வறுத்த நிலக்கடலை, பூசணி விதை, தோட்டத்து ஏலக்காய் எல்லாம் சேர்த்தேன். இனிப்புக்கு மலைத்தேன். அது போதாதென்று ஊறவைத்து அரைத்த பேரீச்சை. அதுவும் உதிரியாக ஒட்டாமல் நிற்கவே, நாட்டுச்சர்க்கரையைப் பாகு வைத்து ஊற்றினேன். எல்லாம் இயற்கை. ஒரு பருக்கை அஸ்கா இல்லை.

முதல் தடவை தேன் கருகி வீடெல்லாம் புகை. இரண்டாம் தடவை மொத்தமும் தட்டோடு இறுகிவிட்டது, அம்மிக் குழவியால் உடைக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தடவை அருமையாக வந்தது. ஆனால் மூடிவைக்க மறந்து சர்ச்சுக்குப் போய்வந்தோம், மூடுபனி உள்ளே புகுந்து நமுத்துப்போனது. பிறகுதான் பதம் கைவந்தது. அடுப்பைக் குறைவாக வைத்து, நடுநடுவே கிளறி, ஆறியதும் உடனே இறுக்க மூடும் பாட்டிலில் போட்டுவிட வேண்டும். என் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சமைத்ததை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது.

எப்படி என்று புரியவில்லை. மாத்திரையை நான்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டில் அஸ்கா இல்லை. ஒருவேளை கிரானோலா போதவில்லையோ என்று தோன்றியது. காலையில் ஒரு கிண்ணம் கொடுத்ததை இரண்டாக்கினேன். சாயங்காலம் பஜ்ஜி, போண்டா எதுவும் வேண்டாம் என்று நிறுத்தி, அப்போதும் கிரானோலாவே கொடுத்தேன். அதற்கடுத்த பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். என் குழப்பமும் கூடியது.

குழப்பம் அப்படியே குழப்பமாக இருந்திருந்தால் நல்லது. என்னால் அப்படி விட முடியவில்லை. எஸ்டேட்டில் காபிப்பழ மூட்டையை நிறுக்கும்போது எடை கூடுதலாகத் தெரிந்தால் உள்ளே கல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பேன். கணக்கு இடித்தால் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்பதுதான் என் புத்தி. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். மூன்றாவதாக யாரைச் சந்தேகப்படுவது?

முதலில் பேக்கரிக்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டேன். "எங்க ஊட்டம்மா இந்தப் பக்கம் வர்றதுங்களா?"

"வந்தாங்களுங்க. போன வாரம் ரஸ்க் வாங்கிட்டுப் போனாங்க."

அந்த ரஸ்க்கைத் தின்றது நான்தான். அது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் பேக்கரிக்குப் போனவள் ரஸ்க்கோடு நின்றிருப்பாளா என்று மனசு குடைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டியதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"கேக் சாப்பிட்டியா?"

"இல்லீங்க. கையில வாங்கி, பக்கத்துல இருந்த பாப்பாவுக்குக் குடுத்துட்டேன்."

"நெசமாவா?"

"ஏனுங்க, நான் எதுக்குங்க பொய் சொல்றேன்?"

நான் அதோடு விட்டிருக்கலாம். ரிப்போர்ட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். "இந்தக் காகிதம் பொய் சொல்லுமா? நீ திங்கலைன்னா யாரு தின்னா? உங்கக்கா கால் விரல் போனது மறந்துபோச்சா?" என்று கத்தினேன். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எனக்கு வெற்றி பெற்றதுபோல இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அதற்குப் பிறகு அவள் பெண்கள் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமலே திரும்பிவந்தாள். நானோ ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அடுப்பைப் பற்றவைத்து, தேனும் பேரீச்சையும் சர்க்கரைப்பாகும் தாராளமாக விட்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஏமாற்றினாலும் நான் அவளைக் கைவிடப் போவதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இந்த வருஷம் மழைக்காலத்தில் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். பழைய டாக்டர் விடுப்பில் இருந்தார். ஒரு சின்ன வயது டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "காலையில என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"இவரு செய்யறதுதானுங்க" என்று என்னைக் காட்டினாள் மனைவி.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரானோலா என்றேன். டாக்டரம்மா ஆச்சரியப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. கடையில் வாங்குவதில்லை, நானே செய்கிறேன் என்றேன். என்னென்ன போடுவீர்கள் என்றார். ஓட்ஸில் தொடங்கி விதைகள்வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

"இனிப்புக்கு ஒண்ணும் போடறதில்லையா?"

"அஸ்கா தொடறதே இல்லீங்க டாக்டர். எல்லாம் இயற்கைதான். மலைத்தேன், பேரீச்சை, நாட்டுச்சர்க்கரை."

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கறீங்க ஐயா?"

"மூணு கிண்ணம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தேனோ, நாட்டுச்சர்க்கரையோ, அஸ்காவோ, ரத்தத்துக்குள் போனபின் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். கிரானோலா கெட்டதில்லை, இனிப்பே இல்லாமல் செய்து ஒரு கைப்பிடி கொடுக்கலாம் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் சொன்ன வாக்கியம் மறுபடி மண்டைக்குள் ஓடியது. அஸ்கா, சர்க்கரை, அஸ்கா, சர்க்கரை. யார்மேலாவது பழியைப் போட முடியுமா என்று தேடிப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

மனைவி என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வதென்று தயாராகவும் இருந்தேன். அவள் டாக்டரம்மாவின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போயித் திங்கலீங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?" என்றார் அவர்.

"இவரு பொய் சொல்ற ஆளில்லீங்க. நான் எதையோ திங்கறேன்னு அத்தன உறுதியாச் சொன்னாரு. எனக்குத் தின்ன மாதிரி நெனப்பே இல்ல. அதான், தூக்கத்துல எனக்கே தெரியாம எந்திரிச்சுப் போறேனோன்னு பயந்துட்டனுங்க. தினமும் படுக்கறதுக்கு முன்னால சமையக்கட்டுக் கதவுல ஒரு தட்டச் சாத்தி வெப்பேன். கதவத் தொறந்தா விழுகுமில்லீங்களா."

"விழுந்துதாம்மா?"

"ஒரு நாளும் விழுகலீங்க. வெடியால எந்திரிச்சுப் பாத்தா வெச்சது வெச்சபடியே இருக்கும். அப்பவும் நான் இவரு சொன்னதத்தான் நம்புனேன்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. பெரிய வியாதி ஒன்று தனக்கு இல்லை என்று தெரிந்த சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.