கை தூக்க யாரும் வரவில்லை

நாவலூர் தாண்டி, ஏரிக்கு முதுகைக் காட்டிக் கட்டிய அடுக்குமாடியில் எனக்கு வாய்த்தது தரைத்தளம். ஏரியின் உபரி நீர்க் கால்வாய் கட்டடக் குப்பையால் அடைபட்டுக் கிடந்தது. ஐப்பசியில் தண்ணீர் யார் வீட்டைத் தேடி வரும் என்பது மற்ற மாடிகளுக்கும் தெரியும். தூக்கம் கெட்டது எனக்கு மட்டும்தான்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. குடியிருப்போருக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. கால்வாயைத் தூர்வார வேண்டும் என்று எழுதினேன். பதில்கள் அடைமழையாய்ப் பெய்தன. வேலையாக அமெரிக்கா போயிருந்தவர் அங்கிருந்தே புரட்சி செய்தார். மக்கள் அதிகாரம் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்து எனக்கே புல்லரித்தது. காந்தி ஜெயந்தியன்று கிராம சபை கூடுகிறது, அங்கே தீர்மானம் போட்டால் மழைக்கு முன் வேலை முடியும், எல்லோரும் வாருங்கள் என்றேன். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

அன்று தொடர் விடுமுறை. காலையிலேயே கார்கள் மாமல்லபுரம் பக்கம் கிளம்பின. சிலர் கண்ணாடியை இறக்கி எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. ஊர்க்காரர்கள் சுடுகாட்டுப் பாதை கேட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருக்கிற பணத்தில் மழைக்குள் ஒரு வேலைதான் ஆகும். நான் மின்னஞ்சல்களை அச்செடுத்த காகிதக் கட்டை நீட்டினேன். வார்டு உறுப்பினரான அம்மாள் அதைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

“இன்னா சார், இத்தினி பேரு எழுதிக்கீறாங்க. ஆளுங்க எங்க?”

“வெளிய போயிருக்காங்கம்மா.”

“அப்போ இந்தப் பேப்பரக் கை தூக்கச் சொல்லு.”

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. பாதைக்கு மைதானமே கை தூக்கியது. கால்வாய்க்கு என் கை ஒன்று. பாவம் பார்த்து அந்த அம்மாளும் தூக்கினார். கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. சேற்றில் பாடை சுமக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள், கிடைத்தது.

முடிவைக் குழுவில் எழுதினேன். கடற்கரையிலிருந்து திரும்பியவர்கள், செருப்பு மணலைத் தட்டுவதற்குள், ஜனநாயகம் செத்துவிட்டது என்று கொதித்தார்கள்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். மூன்றாம் மாடிக்காரர் பால்கனியிலிருந்து எடுத்த மழைப் படம் குழுவில் வந்திருந்தது. அதில் என் வாசல் மிதியடி மிதந்துகொண்டிருந்தது. படம் அருமை என்று பாராட்டுகள் வரிசையாக. தண்ணீரை இறைக்க யாரிடமாவது மோட்டார் இருக்கிறதா என்று கேட்டேன். அவசியம் ஒன்று வாங்க வேண்டும் என்று எல்லோரும் ஆமோதித்தார்கள்.